ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்

துணி உலர்த்துகிற டிரையர் நிற்பதற்கு இன்னும் நேரம் இருந்தது. காசு போட்டு நாமே துவைத்துக்கொள்ளும் கடை அது. பின்மூலையில், இரண்டு பெரிய டிரையர்களுக்கு அப்பால், யாரோ ஒரு பெஞ்சைப் போட்டுவிட்டு மறந்துபோயிருந்தார்கள். அதில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு அவள் அம்மாவிடம் போனில் பொய் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"சாப்டியா?"

"சாப்டேன்மா."

"சோறு ஆக்கினியா, இல்ல அந்தக் காய்ஞ்ச ரொட்டிதானா?"

"சோறுதாம்மா."

"கூட இருக்கறவங்கல்லாம் எப்படி?"

"எல்லாம் தங்கமான பொண்ணுங்கம்மா."

"தமிழ் பேசறவங்க யாராவது இருக்காங்களா?"

"யாரும் இல்லம்மா. நான் ஒருத்திதான்."

ரொட்டி விஷயத்தில் சொன்னது சின்னப் பொய். கூட இருந்த பெண்களில் ஒருத்தி அவளுடைய ஷாம்பூவைத் தினமும் கேட்காமல் எடுக்கிறவள் என்பதால் தங்கம் என்றதும் பொய்தான். கடைசியாகச் சொன்னது மட்டும் கொஞ்சம் பெரியது. அதை வாராவாரம் சொல்லிச் சொல்லி நாக்கு பழகிவிட்டிருந்தது. அம்மா மேற்கொண்டு தோண்டுவதற்குள் அண்ணன் போனைப் பிடுங்கிவிட்டான்.

"என்ன ரேடியோ, பேட்டரி தீந்துபோச்சா? சத்தத்தையே காணோம்?"

"உன் காதுலதான் கோளாறு. போய் டாக்டர்கிட்ட காட்டு. அப்படியே மூளை இருக்கான்னும் பாக்கச் சொல்லு. இருந்தா எனக்கு போட்டோ எடுத்து அனுப்பு."

அண்ணன் சிரித்தான். வீட்டில் அவளுக்கு ரேடியோ என்றுதான் பெயர். காலையில் கண் விழிக்கும்போது ஆரம்பித்தால் படுக்கிறவரை ஓயாது. பள்ளிக்கூடத்தில் பேசியதற்காகவே பெஞ்ச் மேல் நின்றவள். இந்த வெளிநாட்டுக்கு வந்ததும் வாயால்தான். மொழி படிக்கிற மாணவர்களை மூன்றாம் வருஷத்தில் ஒரு பருவம் ஸ்பானிஷ் பேசுகிற நாட்டுக்கு அனுப்புவது அவள் கல்லூரியின் ஏற்பாடு. வீட்டில் ஒப்பவில்லை. அப்பா முறைத்தார், அண்ணன் குதித்தான், பெரியப்பாவை வேறு வரவழைத்தார்கள். ஒருத்தர் விடாமல் வாயை அடைத்து, கடைசியில் பெரியப்பாவே "இவள அனுப்பிடுங்கப்பா, அங்க போய்ப் பேசட்டும்" என்று காதைப் பொத்திக்கொண்டு எழுந்துபோனார். அப்படி வந்தவள்.

வந்த இடத்தில் வாய்க்குப் பூட்டு. அந்தப் பள்ளியில் ஒரு விதி இருந்தது. முதல் நாள் கையெழுத்துப் போட்ட நிமிஷத்திலிருந்து, கடைசி நாள் டீச்சர் மணி அடிக்கிறவரை, ஸ்பானிஷ் தவிர வேறு எந்த மொழியிலும் பேசக் கூடாது. வகுப்பில் கூடாது, தங்குகிற வீட்டில் கூடாது, தெருவில் கூடாது. ஒரு தரம் மீறினால் எச்சரிக்கை, மறு தரம் மீறினால் பெட்டி கட்ட வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் வீட்டுக்குப் போன் பேசிக்கொள்ளலாம். முதல் வாரத்தில் மூக்கில் பந்து பட்ட ஒரு மாணவன் தன் மொழியில் அம்மாவைக் கூப்பிட்டு அலறினான், அவனுக்கும் எச்சரிக்கைதான். வலித்தால் ஸ்பானிஷில் வலிக்கட்டும் என்றார் டீச்சர். குட்டையாக வெட்டிய நரைமுடியும் எப்போதும் சாக்பீஸ் படிந்த விரல்களுமாக இருப்பார். கெட்ட மனுஷி இல்லை. விதி என்றால் விதி, அவ்வளவுதான்.

கையெழுத்துப் போட வரிசையில் நின்றபோது முன்னால் நின்ற பையன் திரும்பிப் பார்த்தான். அவள் அப்போதுதான் போனில் "வந்து சேந்துட்டேன்மா" என்று சொல்லி முடித்திருந்தாள்.

"தமிழா?" என்றான்.

"ஆமா" என்றாள்.

அதற்குள் அவன் முறை வந்துவிட்டது. கையெழுத்துப் போட்டான். பிறகு அவளும் போட்டாள். அவர்கள் இரண்டு பேரும் தமிழில் பேசிக்கொண்டது அவ்வளவுதான். தமிழா, ஆமா.

அன்றைக்கே டீச்சர் ஒரு கூடை நிறையப் படம் போட்ட அட்டைகளைக் கொண்டுவந்து ஆளுக்கொன்று எடுக்கச் சொன்னார். எடுத்த அட்டையில் என்ன இருக்கிறதோ அதுதான் பருவம் முடியும்வரை பெயர். சொந்தப் பெயரோடு வந்தால் சொந்தப் பழக்கமும் கூடவே வந்துவிடுமாம். ஒருத்தி செருப்பு ஆனாள், ஒருத்தன் மேகம் ஆனான். இவளுக்கு எலுமிச்சை வந்தது. அவனுக்குக் குடை. தண்ணீர் சுத்திகரிக்கிற தொழில்நுட்பம் படிக்க வந்தவன் அவன். மேற்படிப்பு தொடங்குமுன் மொழி தெரிந்திருக்க வேண்டும் என்று இங்கே அனுப்பியிருந்தார்கள். அவளைவிட மூன்று நான்கு வயது மூத்தவன். இருவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்ததற்கு டீச்சர் ஒரு காரணமும் சொல்லவில்லை. ஒரே மொழிக்காரர்களைச் சேர்த்து உட்காரவைத்து அவர்கள் தமிழ் பேசாமல் தவிப்பதைப் பார்ப்பதில் அவருக்கு ஒரு சின்ன சந்தோஷம் இருந்திருக்கலாம்.

அவர்கள் ஸ்பானிஷில் பேசிக்கொண்டதை இங்கே எழுதினால் பாடப்புத்தகத்தை வாசிப்பது மாதிரித்தான் இருக்கும். ஆனால் அப்படித்தான் பேசினார்கள்.

"இன்று வானம் சாம்பல் நிறமாக இருக்கிறது."

"ஆம். நேற்றும் சாம்பல் நிறமாக இருந்தது."

"என் தந்தை ஒரு கடை வைத்திருக்கிறார். கடை சிறியது. என் தந்தை பெரியவர்."

"உயரமானவரா, பருமனானவரா?"

"பக்கவாட்டில் பெரியவர்."

சிரிப்பதற்கு மொழி வேண்டியிருக்கவில்லை. வகுப்பு முடிந்து பாலம் வரைக்கும் நடப்பார்கள். வழியில் பார்த்ததையெல்லாம் பெயர் சொல்லிக்கொண்டே போவார்கள். கதவு, பூட்டு, ஏணி, வாளி, தபால்பெட்டி. ஒரு வாக்கியத்தை நடுவில் விட்டுவிட்டு அவள் வார்த்தைக்காகத் தடுமாறிக்கொண்டு நிற்பாள். அவன் காத்திருப்பான். தலையைக் கொஞ்சம் சாய்த்து, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, அவள் எங்கெங்கோ போய்த் தேடிக் கண்டுபிடித்து, வினைச்சொல்லைத் தவறாகப் போட்டு, திருத்தி, ஒருவழியாக முடிக்கிறவரை அசையாமல் நிற்பான். அவள் பிறந்து வளர்ந்த வீட்டில் ஒரு ஆள் அவளை ஒரு வாக்கியம் முழுசாகப் பேசவிட்டது கிடையாது. அதனால்தான் அவள் அவ்வளவு வேகமாகப் பேசக் கற்றுக்கொண்டதே. இங்கே ஒருத்தன் பேசாமல் நின்று கேட்கிறான். அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது, முதல் தடவை.

நடுவில் அவளுக்குக் காய்ச்சல் வந்து அறையிலேயே கிடந்தாள். வீட்டுக்காரம்மா ஆண்களை மாடிக்கு விடமாட்டாள். அவன் படிக்கட்டின் மூன்றாவது படியில் உட்கார்ந்து, அன்றன்றைய பாடத்தை மேலே கேட்கும்படி உரக்க வாசித்தான். ஒரு குடும்பம் கடற்கரைக்குப் போகிறது. தந்தை பத்திரிகை படிக்கிறார். தாய் மகிழ்ச்சியாக இருக்கிறாள். மகள் மகிழ்ச்சியாக இருக்கிறாள். நாயும் மகிழ்ச்சியாக இருக்கிறது. போர்வைக்குள் படுத்துக்கொண்டு அவள் அதைக் கேட்டாள். அந்தக் குரல் பிடித்திருந்தது. அதைத் தமிழில் கேட்டால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். நினைக்க முடியவில்லை.

போன வாரம் பாலத்தில் வைத்து அவன் கேட்டுவிட்டான். தயார் செய்துகொண்டு வந்திருக்கிறான் என்று முகத்திலேயே தெரிந்தது.

"நீ அமைதியானவள். அது எனக்குப் பிடிக்கும். நான் உன்னோடு இருக்க விரும்புகிறேன். நாளை. நாளை மறுநாள். எல்லா நாட்களும். நான் என் வீட்டில் சொல்வேன். நீ விரும்புகிறாயா?"

அமைதியானவள் என்றதும் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அண்ணன் இதைக் கேட்டிருக்க வேண்டும். ஆனால் அடுத்த நொடியே சிரிப்பு அடங்கிவிட்டது. தமிழில் இவ்வளவு நேராக யாரும் அவளிடம் எதையும் கேட்டதில்லை. தமிழில் என்றால் ஜாடை, தூது, இழுபறி, யார் முதலில் சொல்வது என்கிற வீம்பு எல்லாம் வந்திருக்கும். இங்கே வார்த்தை குறைவு. சுற்றி வளைக்கக் கையில் சரக்கு இல்லை.

"மணி அடித்த பிறகு பதில் சொல்கிறேன்" என்றாள். "தமிழில்."

"ஏன் தமிழில்?"

"ஏனென்றால் நான் அங்கே வாழ்கிறேன்."

அந்த வாக்கியம் எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. அவன் தலையாட்டினான். பதில் என்ன என்று அவளுக்கு அப்போதே தெரியும். சரி என்றுதான் சொல்லப்போகிறாள். தமிழில் அந்தச் 'சரி'யை எப்படிச் சொல்வது என்பதைத்தான் ஒரு வாரமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை, அண்ணனோடு பேசி முடித்துப் போனை வைத்தபோது, டிரையர் நின்றது. கடை திடீரென்று அமைதியானது. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவள் எழுந்திருப்பதற்குள் கதவு திறந்து யாரோ ஓடிவந்து காலை உதறுகிற சத்தம் கேட்டது. கூடவே ஒரு குரல்.

"இரும்மா, இரு, நனைஞ்சுட்டேன். ஆமா, பேருக்குத்தான் இங்க குடை, கையில குடை இல்ல. அது ஒரு கதை, அப்புறம் சொல்றேன்."

அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றோரமாக நடந்துகொண்டே வீட்டுக்குப் பேசுவான் என்று அவளுக்குத் தெரியும். மழைதான் இங்கே துரத்தியிருக்கிறது. போனை ஏதோ ஒரு மெஷினின் தலையில் வைத்துவிட்டு ஸ்பீக்கரில் போட்டான். சட்டையைப் பிழிகிற சத்தம். அவள் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள். வெளியே வந்து நின்றிருக்கலாம். ஆனால் அவனுடைய தமிழ்! ஒரு பருவம் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்தும் கேட்காத தமிழ். கொஞ்சம் கேட்போம் என்று ஆசைப்பட்டாள். அதில் தப்பு இருப்பதாக அப்போது தோன்றவில்லை.

"அப்பா திரும்பவும் கண்ணாடிய தொலச்சுட்டாரா? தலை மேல பாக்கச் சொல்லு. அங்க இல்லன்னா பக்கத்துக் கடைக்காரர் தலை மேல பாக்கச் சொல்லு."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அடப்பாவி, இவனுக்குள் இவ்வளவு குறும்பா. ஸ்பானிஷில் இருந்தவன் சாதுவான, நிதானமான ஆள். இவன் அவனைவிடக் கலகலப்பானவன், சத்தமானவன், வீட்டின் செல்லப் பிள்ளை. பேச்சு தண்ணீராகப் போனது. அவளுக்கு இவனையும் பிடித்தது. இரண்டு பேரில் எவன் வந்தாலும் சரிதான் என்று நினைத்துக்கொண்டாள்.

"சரி, சின்னவ விஷயம் என்னாச்சு?" என்றான்.

அவன் அம்மாவின் குரல் போனில் கரகரத்தது. "நீயே சொல்லுப்பா அவகிட்ட. ரெண்டு நாளா சரியா சாப்பிடல. அடுத்த திங்கக்கிழமைக்குள்ள போய்ச் சேரணுமாம், இல்லன்னா சீட்டு போயிடுமாம். அப்பா உன்ன கேட்டுட்டுத்தான் சொல்வேன்னுட்டார்."

"இதுல கேக்க என்ன இருக்கு. போன அவகிட்ட குடு."

ஒரு சின்னப் பெண்ணின் குரல் வந்தது. "அண்ணா."

"என்னடா, சாப்பிடாம உண்ணாவிரதமா?"

"இல்லண்ணா. அந்தக் காலேஜ்ல..."

"அந்தக் காலேஜ்ல என்ன கொட்டிக் கிடக்கு? நம்ம ஊர்ல காலேஜே இல்லையா?"

"அந்தக் கோர்ஸ் இங்க எங்கயும்..."

"எந்தக் கோர்ஸ் படிச்சாலும் டிகிரி டிகிரிதான்."

"ஹாஸ்டல் உள்ளயே இருக்குண்ணா, வார்டன் வந்து..."

"ஹாஸ்டலப் பத்தி எனக்கே பாடம் எடுக்கறியா? நாலு வருஷம் ஹாஸ்டல்ல குப்பை கொட்டினவன் நான். பொம்பளப் புள்ளைய அவ்வளவு தூரம் அனுப்பிட்டு அம்மா தூங்குவாங்களா, அப்பா தூங்குவாரா? நான்தான் இங்க நிம்மதியா படிப்பனா? உன் நல்லதுக்குத்தானே சொல்றேன்."

"அதில்லண்ணா, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். எல்லாம் எனக்குத் தெரியும். வரும்போது உனக்கு என்ன வேணும்னு மட்டும் சொல்லு, வாங்கிட்டு வர்றேன்."

"ஒண்ணும் வேணாம்ணா."

"அட, கோவமா?"

"இல்லண்ணா. சரிண்ணா."

பிறகு அவன் அம்மாவிடம் ஏதோ சொல்லிச் சிரித்தான். மழை விட்டிருக்க வேண்டும். கதவு திறந்து மூடியது. அவள் பெஞ்சில் இருந்தபடியே, ஆறிக்கொண்டிருந்த டிரையரின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோபம் வரவில்லை. அதுதான் அவளுக்கு ஆச்சரியம். அவன் கெட்டவன் மாதிரிப் பேசவே இல்லையே. பாசமாகத்தான் பேசினான். அந்த ஒவ்வொரு வாக்கியமும் அவளுக்குத் தெரியும். அவன் ஆரம்பித்தால் அவளால் முடித்துவைக்க முடியும். அவள் அண்ணன் பேசியவை, அப்பா பேசியவை, பெரியப்பா ஆட்டோ பிடித்து வந்து பேசியவை. அவளுக்கு ரேடியோ வாய் இருந்தது, அதனால் தப்பித்தாள். அந்தப் பெண்ணுக்கு அது இல்லை. "சரிண்ணா" என்று அவள் சொன்னபோது குரலில் அழுகைகூட இல்லை. வேறு வழியே இல்லாதவர்கள்தான் அவ்வளவு சீக்கிரம் சரி என்பார்கள்.

அதைவிட ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணை அவன் ஒரே ஒரு வாக்கியம்கூட முடிக்கவிடவில்லை. பாலத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டு காத்திருப்பவன், அப்படியானால், பொறுமைசாலி இல்லை. குறுக்கே பேச வார்த்தை கிடைக்காதவன். எல்லா நாட்களும் என்று கேட்டானே, அதில் எத்தனை நாட்கள் ஸ்பானிஷில் இருக்கும்? வீட்டுக்குப் போனால் அப்பா இருப்பார், அம்மா இருப்பாள், எல்லாம் தமிழில்தான். சலவைத் துணியை மடிக்காமல் அப்படியே பையில் திணித்துக்கொண்டு அறைக்குப் போனாள்.

அந்த வாரம் அவள் நிஜமாகவே அமைதியாக இருந்தாள். அவனுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அவனைப் பொறுத்தவரை அவள் எப்போதும் அப்படித்தானே. புதன்கிழமை பேச்சுப் பயிற்சியில், குடும்பத்தைப் பற்றிக் கேட்கச் சொல்லி டீச்சர் ஜோடி ஜோடியாக விட்டபோது, அவள் கேட்டாள்.

"உன் தங்கை எப்படி இருக்கிறாள்?"

"என் தங்கை நன்றாக இருக்கிறாள். அவள் மகிழ்ச்சியாக இருக்கிறாள்."

"அவள் என்ன படிக்கிறாள்?"

"அவள் எங்கள் நகரத்தில் படிப்பாள். கல்லூரி வீட்டுக்கு அருகில் இருக்கிறது."

"அவள் அதை விரும்புகிறாளா?"

"ஆம்" என்றான். டீச்சர் அந்தப் பக்கம் வந்து, நன்று, நன்று, என்று இரண்டு பேர் தோளிலும் சாக்பீஸ் விரலால் தட்டிவிட்டுப் போனார்.

அவன் பொய் சொல்லவில்லை என்பது அவன் கண்ணிலேயே தெரிந்தது. அவனுக்குத் தெரிந்த ஸ்பானிஷில் எல்லாத் தங்கைகளும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தார்கள். மேற்கொண்டு கேட்க அவளிடமும் வார்த்தை இருந்தது, இல்லாமல் இல்லை. ஆனால் ஸ்பானிஷில் இருந்த எலுமிச்சை அப்படிக் கேட்கிற பெண் இல்லை. அவள் மெதுவாகப் பேசுவாள், வானத்தின் நிறத்தைச் சொல்வாள், ஒருத்தன் அவளுக்காகப் படிக்கட்டில் உட்கார்ந்து வாசிப்பான். அந்தப் பெண்ணாக இருப்பது சுகமாக இருந்தது. பேசாமல் சரி என்று சொல்லிவிட்டு இந்தப் பெண்ணாகவே இருந்துவிடலாமா என்றுகூட வியாழக்கிழமை பூராவும் யோசித்தாள். யார் வீட்டில்தான் இல்லாத கதை. அவன் தங்கை அவன் பாடு. தன்னை அவன் தடுக்கவில்லையே. இப்படியெல்லாம் தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு தரமும் அந்தக் குரல் வந்து, 'நான் என்ன சொல்ல வந்தேன்னா' என்ற இடத்தில் நின்றது.

கடைசி நாளான வெள்ளிக்கிழமை மத்தியானம் டீச்சர் முற்றத்துக்கு வந்து, ஒரு பழைய பித்தளை மணியை இரண்டு கையாலும் தூக்கி அடித்தார். அடுத்த நொடி அங்கே நடந்ததைப் பார்த்தால் அணை உடைந்தது என்றுதான் யாரும் சொல்வார்கள். மேகமும் செருப்பும் மற்றவர்களும் அவரவர் மொழியில் கத்தினார்கள், பாடினார்கள், திட்டிக்கொண்டார்கள். ஒருத்தி தன் மொழியில் சும்மா ஒன்று இரண்டு மூன்று எண்ணிக்கொண்டே சுற்றிவந்தாள். அவர்கள் இரண்டு பேர் மட்டும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு வாயைத் திறக்காமல் நின்றார்கள். வெளியே நடந்தார்கள். பேருந்து நிறுத்தத்தின் பெஞ்ச் காலியாக இருந்தது. உட்கார்ந்தார்கள்.

"ம்... சொல்லுங்க" என்றான் அவன்.

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. இத்தனை நாள் பழகிவிட்டு, பெண் பார்க்க வந்தவன் மாதிரி 'சொல்லுங்க'. சிரிப்பு முடிந்ததும் அவள் ஆரம்பித்தாள்.

"சொல்றேன், ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு இருக்கு, போன ஞாயித்துக்கிழமை நீங்க அந்தத் துணி தோய்க்கிற கடைக்கு வந்தீங்கல்ல, நான் அங்கதான் இருந்தேன், பின்னாடி, நீங்க பேசினது பூரா கேட்டேன், வேணும்னு ஒளிஞ்சு நிக்கல, உக்காந்துட்டுதான் இருந்தேன், முதல்ல ஆசையா இருந்துச்சு, அப்புறம் எழுந்து வர்றதுக்குக் கால் வரல, அதனால..."

"ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம், நீங்க இவ்வளவு வேகமா..."

"குறுக்க பேசாதீங்க."

இந்தப் பெண்ணை அவன் முன்பின் பார்த்ததில்லை.

"ஒட்டுக் கேட்டீங்களா?" என்றான்.

"ஆமா."

"அது எங்க வீட்டு விஷயங்க."

"அந்த வீட்டுக்குத்தானே என்ன வரச் சொல்லிக் கேட்டீங்க?"

எதிர்ச் சுவரில் ஒருவர் ஏணி வைத்து விளம்பரப் பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவன் அதையே பார்த்தான்.

"உங்களுக்கு அவளத் தெரியாது. விவரம் பத்தாத பொண்ணு. ஒரு இடத்துக்குத் தனியா போய் வரத் தெரியாது."

"நான் மட்டும் விவரமான பொண்ணா?"

"நீங்க வேற மாதிரி. நீங்க அமைதியா, நிதானமா..." சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். இப்போது கேட்ட பேச்சுக்கும் அந்தச் சொல்லுக்கும் ஒட்டவில்லை என்று அவனுக்கே தெரிந்துவிட்டது.

"எங்க வீட்ல எனக்கு ரேடியோன்னு பேரு" என்றாள் அவள். "இங்க வர்றதுக்கு எங்க வீட்ட ரெண்டாக்கிட்டு வந்தேன். எங்கண்ணனும் நீங்க சொன்ன அதே வார்த்தையத்தான் சொன்னான், ஒண்ணு விடாம. அவன் சொன்னத எங்கப்பா கேட்டிருந்தா நான் இந்த பெஞ்ச்ல உக்காந்திருக்க மாட்டேன். நீங்க யார்கிட்ட கேட்டிருப்பீங்க?"

அவள் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க முயற்சி செய்யவில்லை.

"சரி, இது மட்டும் சொல்லுங்க" என்றாள். "அவ என்ன படிக்கணும்னு கேட்டா?"

"அது... ஏதோ கோர்ஸ்."

"என்ன கோர்ஸ்?"

அவன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். அம்மா ஏதோ சொன்னதாக ஞாபகம். அப்பாவும் சொன்னார். ஒரு பெயர் நுனிநாக்கு வரை வருவதுபோல வந்து நழுவியது. முகம் சிவந்தது.

"தெரியல" என்றான்.

பலகையைக் கழற்றிய ஆள் ஏணியிலிருந்து இறங்கி, பலகையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டு, ஏணிக்காகத் திரும்பி வந்தார்.

"போன் போடுங்க" என்றாள் அவள். "இப்ப. ஸ்பீக்கர்ல. வேணும், வேணாம், ரெண்டும் நீங்க சொல்ல வேணாம். சொல்லுன்னு மட்டும் சொல்லிட்டு, அவ பேசி முடிக்கிற வரைக்கும் வாயத் திறக்காதீங்க. அவ்வளவுதான்."

"அப்புறம்?"

"அப்புறம் நான் பதில் சொல்றேன்."

"அவ ஒண்ணும் பேச மாட்டா. எனக்குத் தெரியும்."

"பேசலன்னா பேசாம இருக்கட்டும். நீங்க காத்துட்டு இருங்க."

அவன் போனைக் கையில் வைத்துக்கொண்டு புரட்டினான். கோபப்பட்டு எழுந்து போய்விடுவான் என்றுதான் அவள் நினைத்தாள். போனால் கூப்பிடக் கூடாது என்றும் நினைத்துக்கொண்டாள். கூப்பிடாமல் இருக்க முடியுமா என்று தெரியவில்லை. அவன் எழுந்திருக்கவில்லை. எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, போனை இருவருக்கும் நடுவே பெஞ்சின் மேல் வைத்தான். மணி அடித்தது. வெகுநேரம் அடித்தது.

"அண்ணா?" என்றது அந்தக் குரல். "இன்னிக்கு ஞாயித்துக்கிழமை இல்லையே. ஏதாவது பிரச்சினையா?"

"ஒண்ணும் இல்லடா. அந்தக் காலேஜ் பத்தி... சொல்லு."

"என்ன சொல்றது?"

அவன் சும்மா இருந்தான்.

"நான்தான் சரின்னுட்டேனே அண்ணா."

அவன் உதடு திறந்தது. பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தான். வலது கையைத் தூக்கித் தன் வாயை இறுக்கமாகப் பொத்திக்கொண்டான்.

"அண்ணா? லைன்ல இருக்கியா?"

பேருந்து வந்து நின்றது. கதவைத் திறந்துவைத்துக்கொண்டு டிரைவர் அவர்கள் இருவரையும் பார்த்தார். ஏறுவார்களா மாட்டார்களா என்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கதவை மூடிக்கொண்டு போனார். போனில் யாரோ பாத்திரம் நகர்த்துகிற சத்தம், பிறகு ஒரு கதவு சாத்துகிற சத்தம், பிறகு மூச்சு மட்டும். அவன் கையை எடுக்கவில்லை. விரல்களுக்குக் கீழே கன்னம் வெளுத்திருந்தது. தலையைச் சாய்த்து, போனுக்கு ரொம்பக் கிட்டே குனிந்திருந்தான்.

"அது வந்து அண்ணா..." என்றாள் அந்தப் பெண்.